முதுமலைக்கு ஒரு நாள் குடும்பத்தோடு: கேட்டுக்கேட்டு அலுத்த கேள்விகளுக்குப் பதில்கள்

கூடலூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வரம், ஒரு சாபம். வரம், காடு பக்கத்திலேயே இருப்பது. சாபம், பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்ட அன்றே போன் அடிக்கத் தொடங்குவது. திருப்பூர் சித்தப்பா, மதுரை அண்ணி, அண்ணியின் தம்பி, அவர் ஆபீஸில் வேலை பார்க்கும் யாரோ ஒருவர் என எல்லோரும் கேட்பது ஒரே இருபது கேள்விதான். இனி போனில் சொல்லப் போவதில்லை, இதை அனுப்பிவிடுவேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

முதுமலைன்னா வண்டலூர் மாதிரிதானே? கூண்டுல புலி, சிங்கம் எல்லாம் இருக்குமா?

கூண்டே கிடையாது. சிங்கமும் கிடையாது. முதுமலை முழுக்கக் காடு. 1940-ல் சரணாலயம் ஆனது, 2007-ல் புலிகள் காப்பகம் என்று அறிவித்தார்கள். உட்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. மிருகங்களுக்கு மாநில எல்லை தெரியாததால் மூன்றும் சேர்ந்து ஒரே காடுதான்.

அதனால் "எத்தனை மணிக்குப் புலி வெளியே விடுவாங்க?" என்று கேட்காதீர்கள். சென்ற வருஷம் ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

ஊட்டியிலேர்ந்து எவ்வளவு தூரம்? காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாமா?

நீங்கள் போகவேண்டிய இடத்தின் பெயர் தெப்பக்காடு. வரவேற்பு மையம், யானை முகாம், சஃபாரி வண்டி எல்லாம் அங்கேதான். ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம், கூடலூர், தொரப்பள்ளி வழியாகச் சுமார் 67 கிலோமீட்டர். மலை ரோடு என்பதால் இரண்டரை மணி நேரம் வையுங்கள். சீசனில் ஊட்டியை விட்டு வெளியே வரவே ஒரு மணி நேரம் ஆகும்.

போய் வரலாம். ஆனால் ஊட்டியில் தங்கி, எட்டு மணிக்கு எழுந்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்புவது என்றால் வேண்டாம். நீங்கள் வந்து சேரும் உச்சிவெயிலில் மிருகங்கள் நிழலில் படுத்திருக்கும். முதல் நாள் இரவு கூடலூரிலோ மசினகுடியிலோ தங்கினால் ஒரு நாளும் உருப்படியாகக் கிடைக்கும்.

மேப்ல கல்லட்டி வழியா 36 கிலோமீட்டர்னு காட்டுது. எதுக்கு 67 சுத்தணும்?

மேப்புக்குப் பிரேக் கிடையாது, உங்கள் காருக்கு உண்டு. தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு செங்குத்து. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடாகி வேலை செய்யாது. 2018-ல் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியே இறங்கத் தடை. மசினகுடியிலிருந்து மேலே ஏறலாம்.

ஆக, கூடலூர் வழியாகப் போய், திரும்பும்போது கல்லட்டியில் ஏறி ஊட்டி சேருங்கள். ஏறும்போதும் முதல், இரண்டாவது கியர்தான். அன்றைக்கு என்ன விதி என்பதைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், உள்ளூர் மாமா பெயரைச் சொல்லிப் பயனில்லை.

நாங்க கோயம்புத்தூர்தான், பக்கத்து ஊரு. எங்களுக்கும் இ-பாஸ் வேணுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். நீலகிரிப் பதிவெண் கொண்ட டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் வேண்டாம். காசு கிடையாது, ஆன்லைனில் சில நிமிஷ வேலை.

2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 என்று உச்சவரம்பும் போட்டார்கள். மே மாதச் சனிக்கிழமைக்கு வெள்ளி இரவு பாஸ் தேடினால் கிடைக்காமல் போகலாம். பல்லைக் கடித்துக்கொண்டு செவ்வாய், புதன் வாருங்கள். கூட்டமும் குறைவு.

சொந்தக் கார்லயே காட்டுக்குள்ள சுத்தலாமா?

காட்டைக் கடந்துபோகும் பொதுச் சாலையில் போகலாம். தொரப்பள்ளியிலிருந்து தெப்பக்காடு, அங்கிருந்து வலப்பக்கம் மசினகுடி, நேரே போனால் கக்கநல்லா தாண்டிப் பந்திப்பூர். இந்தச் சாலைகளில் ஓட்டலாம், நிறுத்தக் கூடாது, இறங்கவே கூடாது. பிரிந்து போகும் மண் பாதைகள் எதிலும் திருப்பக் கூடாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அபராதம் தீட்டுவார்கள்.

காட்டுக்குள் போக வனத்துறை வண்டி மட்டும்தான். காலையிலும் பிற்பகலிலும் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும், ஆன்லைனிலும் பதியலாம். ஒரு ரகசியம் சொல்கிறேன்: காலை ஆறரை மணிக்குத் தொரப்பள்ளி கேட்டைத் தாண்டி, வேகமெடுக்காமல், கண்ணாடியை ஏற்றி, பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். பல நாள் சஃபாரியில் பார்ப்பதைவிட அதிகமாக அந்தச் சாலையிலேயே பார்த்திருக்கிறேன். புள்ளிமான் கூட்டம் உறுதி. காட்டெருமைக்கும் நல்ல வாய்ப்பு. முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நின்றால் அதுதான். வீட்டு எருமைக்குச் சொந்தம் என்று நினைக்காதீர்கள், அது காட்டு மாடு.

மசினகுடில ஒரு ஜீப்காரர் "உள்ள கூட்டிட்டுப் போறேன், நைட் சஃபாரியும் உண்டு"ன்னார். நம்பலாமா?

நைட் சஃபாரி என்று எதுவுமே கிடையாது. சொல்பவர் சட்டத்தை மீறுகிறார், பிடிபட்டால் நீங்களும் சேர்ந்துதான் நிற்பீர்கள். பகலில் போகும் தனியார் ஜீப் சரி, ஆனால் அது மாயார், சிங்காரா, பொக்காபுரம் பக்கம் இருக்கும் பொதுச் சாலையில்தான் ஓடும். ஓட்டுநர்கள் பலர் அந்த ஊர்ப் பிள்ளைகள். எந்தப் புதரில் என்ன நிற்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணுக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஏறினால் ஏமாற்றம் இல்லை.

தங்குமிடம் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. மசினகுடியைச் சுற்றிய சீகூர் பகுதி யானை வழித்தடம். அதை அரசு அறிவித்தது சரிதான் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "காட்டுக்கு நடுவே ரிசார்ட், வாசலுக்கே யானை வரும்" என்று விளம்பரம் பார்த்தால், அந்த இடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அதெல்லாம் சரி, புலி வருமா வராதா?

பத்து வருஷத்துக்கு மேலாக இந்தச் சாலையில் வாரம் இரண்டு முறை போய் வருகிறேன். புலியைப் பார்த்தது நான்கு முறை. அதில் ஒன்று வெறும் வால். இதுதான் நேர்மையான பதில்.

புலி இருப்பதைக் காதால்தான் முதலில் அறிய முடியும். மேய்ந்துகொண்டிருக்கும் மான்கள் ஒன்றுபோலத் தலை தூக்கும். ஒரே திசையைப் பார்க்கும். ஒரு மான் முன்காலால் தரையைத் தட்டி, "கியாவ்" என்று கூர்மையாக ஒரு குரல் விடும். மரத்தின் மேலிருந்து மந்தி இருமுவது போலக் கத்தும். கடமான் கத்தினால் இன்னும் நம்பலாம், அது சும்மா கத்தாது. அந்த நேரத்தில் வண்டிக்குள் யாரும் "எங்க எங்க?" என்று கூவாமல் இருந்தால், புதருக்குள் ஏதோ நகர்வதாவது தெரியும். செந்நாய்க் கூட்டமாகவும் இருக்கலாம், சிறுத்தையாகவும் இருக்கலாம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

முதுமலையின் மேற்கு, அதாவது எங்கள் கூடலூர்ப் பக்கம், தென்மேற்குப் பருவமழையில் ஊறும். கிழக்கே மசினகுடி போகப்போக மழை குறைந்து முள்காடாகிவிடும். இருபது கிலோமீட்டருக்குள் குடையும் வேண்டும், கூலிங்கிளாஸும் வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் காடு காய்ந்து இலை உதிர்ந்திருக்கும், தூரம் வரை தெரியும், தண்ணீருக்கு மிருகங்கள் வரும். ஆனால் காட்டுத்தீ பயத்தில் சஃபாரியை அப்படியே நிறுத்திவிடுவதும் அப்போதுதான். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை மழை ஒன்றிரண்டு விழுந்து புல் துளிர்த்த பிறகு காட்டெருமையும் யானையும் சாலையோரத்துக்கு வரும், எனக்குப் பிடித்தது அந்த நாட்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பச்சையும் குளிரும். ஜூலை, ஆகஸ்டில் அட்டைக்கடி சகிக்க முடியுமென்றால் வாருங்கள்.

யானை முகாமுக்கு எப்ப போகணும்? அங்க என்னதான் பண்ணுவாங்க?

ஒரு நாளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், சஃபாரியை விட்டுவிட்டு இதற்குப் போங்கள். காலை எட்டரை ஒன்பது வாக்கிலும் மாலை ஐந்தரை வாக்கிலும் யானைகளுக்குச் சாப்பாடு. அரைமணி முன்னதாக நில்லுங்கள்.

மேடையில் ராகிக் களியும் கொள்ளும் வெந்து கட்டிக்கட்டியாக வைத்திருப்பார்கள். எந்த யானைக்கு எது, எவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். வயசான யானைக்கு ஒரு கணக்கு, குட்டிக்கு ஒரு கணக்கு. பாகன் களியைப் பிய்த்து, வெல்லமும் உப்பும் தாது உப்புக் கலவையும் உள்ளே வைத்து, தேங்காய் பருமனுக்கு உருட்டுவார். மாவுக்குள் மருந்து வைத்திருந்தால் சில யானை கண்டுபிடித்துவிடும். ஒருமுறை ஒரு பெண் யானை உருண்டையை வாயில் வாங்கி, நிதானமாக மென்று, மாத்திரையை மட்டும் காலடியில் துப்பியதைப் பார்த்தேன். பாகன் அதை எடுத்துத் துடைத்து, இன்னும் கொஞ்சம் வெல்லம் வைத்து மறுபடி நீட்டினார். மூன்றாவது முறை ஜெயித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை, இருவருமே திருப்தியாகத் தெரிந்தார்கள்.

இந்த யானைகள் ராத்திரி கொட்டகையில் தூங்குவதில்லை. மாலைச் சாப்பாடு முடிந்ததும் காட்டில் மேய விடுவார்கள். காலில் இழுபடும் சங்கிலி இருக்கும். விடிந்ததும் பாகனும் அவருடைய உதவியாளரான காவடியும் அந்தச் சங்கிலித் தடம் பார்த்துப் போய் ஓட்டி வருவார்கள். முகாமில் பிறந்த குட்டிகளுக்குத் தகப்பன் பெரும்பாலும் காட்டு யானைதான். பாகன்களில் பலர் குரும்பர், மலசர் போன்ற பழங்குடிக் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக இதே வேலை. ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டப் போகும் கும்கிகளும் இங்கிருந்துதான் போகும்.

ஆஸ்கர் படத்துல வந்த குட்டி யானை அங்கதான் இருக்கா? தொட்டு போட்டோ எடுக்கலாமா?

2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஆவணக் குறும்படம் இந்த முகாமைப் பற்றியதுதான். தாயில்லாமல் வந்த ரகுவையும் பொம்மியையும் வளர்த்தவர்கள் பொம்மன், பெள்ளி தம்பதி. குட்டிகள் இப்போது குட்டிகள் இல்லை, வளர்ந்துவிட்டன.

தொடக் கூடாது. பழம் கொடுக்கக் கூடாது. கட்டுப்பாட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்று படம் எடுங்கள், பிளாஷ் வேண்டாம். முக்கியமாக, பாகன்களை வழிமறித்து "நீங்கதான் அவரா?" என்று செல்ஃபி கேட்காதீர்கள். அவர்கள் வேலை நேரத்தில் இருக்கிறார்கள். இத்தனை டன் எடையுள்ள ஒருவரைக் கவனிக்கும் வேலை அது.

கட்டுச்சோறு கொண்டு வரலாமா? தண்ணி பாட்டில்?

புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் கொண்டு வாருங்கள். ஆனால் எவர்சில்வர் டப்பாவில். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. கடைத் தண்ணீர் பாட்டில், பாலிதீன் பை, பிளாஸ்டிக் டம்ளர் எதுவும் ஆகாது. சோதனைச் சாவடியில் வாங்கிக் குப்பையில் போட்டு அபராதமும் வாங்குவார்கள். வீட்டுத் தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று எடுத்து வாருங்கள்.

சாப்பிடும் இடம் கூடலூர் அல்லது மசினகுடி. காட்டுச் சாலை ஓரத்தில் பாயை விரிக்காதீர்கள். வெயில் காலத்தில் புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும், அது கொண்டுவரும் குரங்குக் காய்ச்சல் இந்தக் காட்டுப் பக்கம் தெரிந்த நோய்.

குரங்கு பாவமா பாக்குது, ஒரு பிஸ்கட் போட்டா என்ன?

என் மாமியார் இதே வசனம் பேசி ஒரு முறுக்கு போட்டார். அடுத்த நிமிஷம் பாக்கெட் போயிற்று, கண்ணாடிக் கூடும் போயிற்று. இது சின்ன நஷ்டம். சாலையில் தீனி கிடைக்கும் என்று பழகிய குரங்கு சாலையிலேயே குடும்பம் நடத்தும், அடுத்த லாரியில் அடிபடும். ஒரு சோளக்கருதுகூட வேண்டாம்.

கைக்குழந்தையும் எழுபது வயசு அம்மாவும் வர்றாங்க. சிரமமா இருக்குமா?

நடக்க வேண்டிய தூரம் குறைவு, அதனால் பெரியவர்களுக்குச் சிரமமில்லை. தெப்பக்காட்டில் கழிப்பறை உண்டு. காட்டுச் சாலையில் கிடையாது, இறங்கவும் முடியாது. எனவே தொரப்பள்ளிக்கு முன்பே எல்லோரையும் போய்வரச் சொல்லிவிடுங்கள்.

உண்மையான சிரமம் வாந்திதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தெப்பக்காடு ஆயிரத்துக்குள். நடுவட்டத்திலிருந்து கூடலூர் இறங்கும் வளைவுகளில் பின் சீட்டுக்காரர்கள் வெளுத்துப்போவார்கள். வெறும் வயிறும் ஆகாது, பரோட்டா வயிறும் ஆகாது. நடுவட்டத்தில் நிறுத்தி ஒரு டீ, ஊசிமலையில் கொஞ்சம் காற்று. சஃபாரியில் குழந்தை அழுதால் வண்டியிலிருக்கும் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், கைக்குழந்தையோடு ஒருவர் முகாமிலேயே இருந்துவிடுவது நல்லது.

வழில யானை நின்னா என்ன செய்யணும்? ஹாரன் அடிச்சா போயிடுமா?

அடிக்காதீர்கள். தூரத்தில் தெரிந்ததுமே நிறுத்துங்கள், குறைந்தது நூறு அடி இடைவெளி. இன்ஜினை அணைக்காதீர்கள், லைட்டை ஏற்றி இறக்காதீர்கள். பின்னால் வண்டி நெருக்கி நிற்காமல் கைகாட்டுங்கள். ரிவர்ஸ் போக வழி இருப்பதுதான் முக்கியம்.

யானை காதை ஆட்டிக்கொண்டு, புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டித் தின்றால் அது தன் வேலையில் இருக்கிறது. காது விறைத்து விரிந்து அசையாமல் நின்று, வாலும் தூக்கினால் உங்களைப் பற்றி யோசிக்கிறது. மெதுவாகப் பின்வாங்குங்கள். நாலடி ஓடி வந்து நின்றுவிடுவதும் உண்டு, அது மிரட்டல். அப்போது பதறி முன்னால் பாய்ந்து தாண்டப் பார்ப்பவர்கள்தான் மாட்டுவார்கள். குட்டியோடு கூட்டம் சாலையைக் கடந்தால், கடைசி யானை போய்விட்டது என்று நீங்கள் நினைத்த பிறகும் இரண்டு நிமிஷம் காத்திருங்கள். பின்னால் ஒன்று வரும்.

ராத்திரி சாப்பிட்டுட்டு நிதானமா மைசூர் பக்கம் கிளம்பலாமா?

முடியாது. இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலையில் கேட் மூடியிருக்கும். எட்டரைக்குக் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று காட்டுக்குள் பறக்கவும் கூடாது. மான் குறுக்கே வருவது அந்நேரம்தான்.

காடு பூரா கலர்கலரா பூ, மஞ்சளா மரம். எவ்ளோ அழகு! அது என்ன செடி?

சொன்னால் வருத்தப்படுவீர்கள். அந்தக் கலர் பூ உண்ணிச்செடி. வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்குக் கொண்டுவந்தது, இப்போது புல் முளைக்கவேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துவிட்டது. ஆடுமாடு, மான் எதுவும் வாய் வைக்காது. மஞ்சள் பூ மரம் வெளிநாட்டுக் கொன்றை, கீழே வேறெதையும் வளரவிடாது. அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடக்கிறது. சாலையிலிருந்து பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லையே என்று சஃபாரியில் சலித்துக்கொள்வீர்கள் அல்லவா, காரணம் பெரும்பாலும் இந்தச் செடிதான்.

புலி இருக்கற காட்டுல ஊரும் இருக்கே, அவங்களுக்குப் பயமில்லையா?

உண்டு. 2021-ல் டி23 என்ற புலி கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் ஆட்களைக் கொன்றபோது எங்கள் தெருவில்கூடச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினோம். மாடு மேய்ப்பவர்களும் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களும்தான் அகப்பட்டார்கள். உடனே கொன்றுவிடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்ல, 21 நாள் தேடி அக்டோபர் 15-ல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். டீக்கடையில் யாரிடமாவது "உங்க ஊர்ல புலி இருக்கறது செம திரில் இல்ல?" என்று கேட்கத் தோன்றினால், இதை நினைத்துக்கொண்டு டீயை மட்டும் குடியுங்கள்.

வானத்துல பெருசா வட்டம் போடுதே, அது பருந்தா?

மசினகுடி, மாயார் பக்கம் என்றால் பாறுக் கழுகாக இருக்கலாம். நன்றாகப் பாருங்கள், புலியைவிட அதுதான் அபூர்வம். மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுக்க அழித்தது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் மிஞ்சியவற்றில் பெரும் கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில்தான். ஓடையோர நீர்மருது உச்சியில் கூடு கட்டும்.

சஃபாரி போனோம், நாலு மானும் ஒரு மயிலும்தான். பையன் அழறான். காசு திரும்பத் தருவாங்களா?

தரமாட்டார்கள். கேட்டவரின் முகத்தை அந்த ஊழியர் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

பையனுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். என் அக்கா மகனும் இப்படித்தான் வேன் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். முகாமில் இறங்கியதும் யானை லத்திப் பக்கத்தில் குந்திவிட்டான். ஒரு சாணி வண்டு தன்னைவிடப் பெரிய உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போனது. ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தது. ஏறும், உருண்டை உருண்டு விழும், மறுபடி தேடிப்போய்த் தள்ளும். யானைச் சாப்பாடு தொடங்கிவிட்டது என்று நாங்கள் கூப்பிட்டும் அவன் எழவில்லை. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து பாட்டியிடம் அந்த வண்டு கல்லைச் சுற்றிப்போன கதையைத்தான் சொன்னான். புலி பார்த்தாயா என்று பாட்டிதான் கேட்டாள்.